வீட்டில் ஒருவரை மட்டும் அனுப்பினால் போதுமா? – குடும்பத்தோடு பார்க்கும் சிகிச்சையாளரைத் தேடுவோருக்கு



நம் அறக்கட்டளையின் நலப்பிரிவுக்கு முன்பெல்லாம் படிப்புக் கட்டணம், மருத்துவச் செலவு, குமர் காரியம் என்று மூன்று வகை மனுக்கள்தான் வரும். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஓரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "பையன் ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்கறான், நல்ல கவுன்சிலிங் டாக்டர் யாராவது இருந்தா சொல்லுங்க." "மக பிளஸ் டூ படிக்கறா, சரியாச் சாப்பிடறதில்ல, ஒரு வார்த்தை பேசினா எரிஞ்சு விழறா." "மருமக அம்மா வீட்டுக்குப் போய் மூணு மாசமாச்சு, படிச்சவங்க யாராவது எடுத்துச் சொன்னா வந்துருவா."

கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள்தான், ஆனால் கேட்கும் விதம் ஒன்றே. வீட்டில் ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அவரைச் சரிசெய்து திருப்பி அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அவரோடு இன்னும் யார் யார் போவீர்கள்?" பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஏன் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு வீடும் இல்லை. பல வீடுகளில் பொதுவாக நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம். யாரும் தெரிந்த வீட்டை இதற்குள் தேட வேண்டாம். அத்தா தம்மாமில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். மூத்த பையனுக்குப் பதிமூன்று வயதானதிலிருந்து கேஸ் புக் பண்ணுவது, ரேஷன் கடை, தங்கச்சியின் பள்ளிக்கூட மீட்டிங், அம்மாவோடு பேங்குக்குப் போவது எல்லாம் அவன்தான். வீட்டில் என்ன முடிவென்றாலும் அம்மா அவனிடம்தான் யோசனை கேட்பார். "எம் பையன் பெரிய மனுஷன் மாதிரி" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மெச்ச வேண்டிய பிள்ளைதான்.

இப்போது அத்தா கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கடை போட்டிருக்கிறார். பையனுக்குப் பதினேழு வயது. மஃரிபுக்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார் அத்தா. பையன் சிரித்துவிட்டு வண்டியை எடுக்கிறான். "வந்ததும் வராததுமா அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்கிறார் அம்மா. "நீ குடுத்த செல்லந்தான்" என்று அத்தாவின் அம்மா உள்ளிருந்து குரல் கொடுக்கிறார். ஆறு மாதத்தில் பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான், கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடக்கிறான். குடும்பம் முழுக்க ஒரே குரலில் சொல்கிறது: பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது.

இந்தப் பையனைத் தனியாக ஒரு கவுன்சிலரிடம் அனுப்பலாம். வாரம் ஒரு மணி நேரம் அவர் நல்லவிதமாகப் பேசுவார். மீதி நூற்று அறுபத்தேழு மணி நேரமும் அவன் அதே வீட்டில் இருப்பான். அந்த வீட்டில் அத்தாவுக்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வருடமாக அவன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திரு என்று சொல்கிறார்களே தவிர, எழுந்தால் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. அத்தாவுக்கோ சொந்த வீட்டில் இடமே இல்லை. நடுவில் நிற்கும் அம்மா இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். இதில் கெட்டவர் யாருமில்லை. வீட்டின் அமைப்புதான் மாற வேண்டியிருக்கிறது.

இப்படிப் பார்க்கும் வைத்தியத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஃபேமிலி தெரபி என்று பெயர். தமிழில் கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சை என்று சொல்லலாம். யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள், யார் சொல் எடுபடுகிறது, யார் யாருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, குடும்பத்தை வைத்தே அதை மாற்றப் பழக்குவது இதன் வேலை.

உருவாக்கியவர் சால்வடோர் மினுச்சின். 1921இல் அர்ஜென்டினாவில், அங்கே குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்த மனநல மருத்துவர், 2017இல் இறந்தார். நியூயார்க் பக்கத்தில் வில்ட்விக் என்ற சிறுவர் பள்ளியில் வேலை பார்த்தபோதுதான் இந்த வழி அவருக்குப் பிடிபட்டது. போலீஸ், கோர்ட் வரை போய்வந்த ஏழைப் பிள்ளைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். பள்ளிக்குள் இருக்கும்வரை திருந்தியதாகத் தெரிந்த பையன், வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆனான். அதனால் வீட்டாரையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த அனுபவம் 1967இல் புத்தகமாக வந்தது. இதற்கிடையே பிலடெல்பியாவில் குழந்தைகள் வழிகாட்டு மையத்துக்குத் தலைமை ஏற்றிருந்தார். 1974இல் அவர் எழுதிய நூல்தான் இன்றும் இந்தத் துறையில் முதல் பாடம். ஆக, இது வசதியானவர்களுக்கென்று பிறந்த வைத்தியம் இல்லை. பெரிய குடும்பம், சின்ன வீடு, வேலைக்குப் போய் வீட்டில் இல்லாத தகப்பன், பொறுப்பைச் சுமக்கும் மூத்த பிள்ளை – இவர்களைப் பார்த்துப் பார்த்து உண்டானது.

பிலடெல்பியாவில் அவர்கள் கவனித்த ஒரு விஷயம் நம் வீடுகளுக்கும் பொருந்தும். சர்க்கரை நோயுள்ள சில பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் இன்சுலின் கொடுத்தால் எல்லாம் கட்டுக்குள் இருக்கும். வீட்டுக்குப் போனால் திரும்பத் திரும்ப ஆபத்தான நிலையில் வந்து சேர்வார்கள். பெற்றோர் ஒரு தகராறைப் பேசிக்கொண்டிருக்க, அதைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்து பிள்ளை பார்க்கும்படி செய்து, இடையிடையே பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பெற்றோரின் சண்டை பிள்ளையின் இரத்தத்தில் தெரிந்தது. மருந்தை நிறுத்தச் சொல்ல இதை எழுதவில்லை, இன்சுலின் இன்சுலின்தான். "பிள்ளைங்க தூங்கியாச்சு, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதை மறுபடி யோசிக்கத்தான். அந்தக் காலத்து எழுத்துகளில் எதற்கெடுத்தாலும் தாயைக் குறைசொல்லும் வாடை இருந்ததையும், அதைப் பின்னால் வந்த பெண் சிகிச்சையாளர்கள் கண்டித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல சிகிச்சையாளர் இன்று அப்படிப் பேசமாட்டார்.

இந்த முறையில் அடிக்கடி வரும் சொல் "எல்லை". நம் ஊர்க்காரர்களுக்கு இதை வேலியும் படலும் என்று சொன்னால் புரியும். வேலியே இல்லாத தோட்டத்தில் யார் ஆடு வேண்டுமானாலும் மேயும். நான்கு பக்கமும் கல்கட்டி அடைத்துவிட்டாலோ உள்ளே தீப்பிடித்தால்கூட யாரும் வர முடியாது. வேலி வேண்டும், அதில் திறந்து மூடும் படலும் வேண்டும். கணவன் மனைவிக்கு நடுவே நடக்கும் பேச்சு இரவோடு இரவாக இரண்டு பக்கத்து வாட்ஸ்அப்புக்கும் போய்விடுகிறது என்றால் அங்கே வேலி இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகன் மூன்று பாடத்தில் பெயிலானது அத்தாவுக்குத் தெரியவில்லை என்றால் அங்கே படல் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் குடும்பங்கள் நெருங்கி வாழ்பவை. மாமியார், மச்சாண்டார், கொழுந்தன் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமையல் என்பது நோய் ஆகாது. போன உடனே, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்காமலே, "தனிக்குடித்தனம் போயிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னால், அவர் இந்த முறையைப் படித்தவராக எங்களுக்குத் தோன்றவில்லை. கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே இளம் தம்பதிக்கு ஒரு சாத்திய கதவும், பெரியவருக்கு ஒரு மரியாதையான இடமும் எப்படி உண்டாக்குவது என்று பார்ப்பவரே நமக்குப் பயன்படுவார். சில வீடுகளில் தனியாகப் போவதுதான் தீர்வாகவும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியில் குடும்பம் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

உள்ளே என்ன நடக்கும்? முதல் நாள் சிகிச்சையாளர் எல்லோரிடமும் ஓரிரு வார்த்தை பேசிப் பழகிக்கொள்வார். யார் எங்கே உட்காருகிறார்கள், ஒருவரைக் கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனிப்பார். பிறகு அங்கேயே ஒரு விஷயத்தைப் பேசச் சொல்வார். மேலே சொன்ன வீடாக இருந்தால், இரவு எத்தனை மணிக்குப் போனை எடுத்து வைப்பது என்பதை அத்தாவும் அம்மாவும் மட்டும் பேசி முடிவு செய்யட்டும் என்பார். பையனை வேறு நாற்காலிக்கு மாறி உட்காரச் சொல்வார். இரண்டு நிமிடத்தில் அம்மாவின் கண் பையன் பக்கம் போகும். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பார். "அவங்க ரெண்டு பேரும் முடிக்கட்டும், கொஞ்சம் பொறுங்க" என்று சிகிச்சையாளர் மரியாதையாகத் தடுப்பார். பத்து வருடத்தில் அந்தக் கணவனும் மனைவியும் மூன்றாம் ஆள் இல்லாமல் ஒரு முடிவு எடுப்பது அதுவே முதல்முறையாக இருக்கலாம். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். அதே பழக்கத்தை வீட்டில் ஒரு வாரம் செய்துவரச் சொல்லி அனுப்புவார். பையனுக்கும் தனி வேலை உண்டு: சுமந்த பொறுப்பை அவமானமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு மறுபடி பிள்ளையாக இருப்பது. அது எளிதில்லை. இத்தனை நாள் அவன் செய்ததற்கு அத்தா வாயால் ஒரு நல்ல வார்த்தை வருவது அங்கே பெரிய மருந்து.

எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்? அமெரிக்காவின் மயாமி நகரில் ஹோசே சபோச்னிக் என்பவரும் அவர் குழுவினரும் 1970களில் கியூபாவிலிருந்து குடிவந்த குடும்பங்களுக்காக இதே முறையைச் சுருக்கி அமைத்தார்கள். பெற்றோர் பழைய ஊர் வழக்கத்தில், பிள்ளைகள் புது ஊர் வழக்கத்தில், நடுவில் போதைப்பழக்கம் என்று தவித்த குடும்பங்கள் அவை. அவர்கள் வகுத்தது 12 முதல் 16 அமர்வுகள். நம் ஊரிலும் மூன்று நான்கு மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. இரண்டு தடவை போய்விட்டு "ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

அதே மயாமிக் குழு இன்னொரு சிக்கலையும் கையில் எடுத்தது: "எல்லாரும் வர ரெடி, அவர் மட்டும் வரமாட்டேங்கறார்." நம்மிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வதும் இதுதான். வராதவரைக் குற்றம் சொல்லாமல், அவர் ஏன் தயங்குகிறார் என்று சிகிச்சையாளரே போனில் பேசி, தேவையானால் நேரில் போய்ப் பார்த்து அழைத்தார்கள். 1988இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இப்படி முயன்ற குடும்பங்களில் நூற்றுக்கு 93 சிகிச்சைக்கு வந்தன. வழக்கமாகக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்ததில் 42தான் வந்தன. எனவே கணவர் வரவில்லை என்பதற்காகத் தேடலை விட்டுவிட வேண்டாம். வரக்கூடியவர்கள் முதலில் போய், வராதவரை எப்படி அழைப்பது என்று அங்கேயே கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் "உங்களுக்கு வைத்தியம் பார்க்கணும்" என்றால் எந்த ஆம்பளையும் வருவதில்லை. "பையன் விஷயத்துல நீங்க சொல்றதைக் கேக்கணும்னு டாக்டர் சொன்னாங்க" என்றால் வருகிறார்கள். அதில் பொய்யும் இல்லை.

குடும்பத்தோடு வைத்தியம் என்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கியிருந்து வைத்தியம் பார்ப்பதே அங்கே வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு பல்லாண்டுகளாக இயங்குகிறது. குடும்பச் சிகிச்சையில் பயிற்சி பெற்று வெளியே வருபவர்களில் நிறையப் பேர் அங்கே படித்தவர்கள்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். காரமடையில் இந்தப் பெயரில் போர்டு தேடினால் கிடைக்காது. ஆகவே பெயரைத் தேடாமல், இந்த வேலையைத் தெரிந்தவரைத் தேட வேண்டும். கவுன்சிலர் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் பெரிய தடை எதுவும் இல்லை. ஆறு வார சர்டிபிகேட் கோர்ஸ் முடித்தவரும் அதே போர்டுதான் மாட்டுகிறார். குடும்பச் சிகிச்சையாளர் என்று தனி அரசு உரிமமும் கிடையாது. அதனால் அடிப்படைப் படிப்பைப் பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் கிளினிக்கல் சைக்காலஜியில் இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பயிற்சி முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். சி.ஆர்.ஆர். நம்பர் என்று கேட்டால் சொல்வார். சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். மனநல சமூகப் பணியாளர் என்று ஒரு பிரிவும் உண்டு. மருத்துவமனைகளில் குடும்பத்தோடு பேசும் வேலையைப் பெரும்பாலும் இவர்கள்தான் செய்கிறார்கள். இவர்களை நம் மக்கள் "டாக்டர் இல்லையே" என்று ஒதுக்குவதில் நியாயமில்லை.

எங்கே போவது? செலவு செய்ய முடியாதவர்கள் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். காரமடையில் மேட்டுப்பாளையம்–கோவை ரயில் ஏறி ஜங்ஷனில் இறங்கினால் திருச்சி ரோட்டில் உள்ள அந்த மருத்துவமனை பக்கம்தான். கூட்டம் இருக்கும், ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் கேட்க வேண்டியது இது: "குடும்பத்தோட உக்காந்து பேசறதுக்கு சைக்காலஜிஸ்ட்கிட்டயோ சோஷியல் ஒர்க்கர்கிட்டயோ தனியா நேரம் கிடைக்குமா?" கேட்டால்தான் கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவது வழக்கம். 1996இல் இந்தத் திட்டம் முதன்முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனையில் எந்த நாள் என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு போனால் கோவை வரை அலைய வேண்டியிருக்காது. தனியாரில் பீளமேடு பி.எஸ்.ஜி. போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தனிக் கிளினிக்குகள் துடியலூரிலிருந்து காந்திபுரம் வரை பல இருக்கின்றன. எதுவும் புரியவில்லை என்றால் 14416க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. போனில் குடும்பச் சிகிச்சை நடக்காது, ஆனால் அடுத்து எங்கே போவது என்று வழி சொல்வார்கள்.

தனியாரிடம் நேரம் வாங்குவதற்கு முன் போனிலேயே சில கேள்விகள் கேட்டுவிடலாம். "நீங்க குடும்பத்தை ஒண்ணா உக்காரவச்சுப் பாப்பீங்களா, இல்ல ஒவ்வொருத்தரையா?" என்பது முதல் கேள்வி. "முதல்ல எல்லாரும் வாங்க" என்ற பதில் வந்தால் நல்ல அறிகுறி. "பையனை மட்டும் அனுப்புங்க, நான் சரிபண்ணிடறேன்" என்பவர் நல்லவராக இருக்கலாம், நாம் தேடும் ஆள் அவர் இல்லை. குடும்பச் சிகிச்சையில் எங்கே பயிற்சி எடுத்தார், இப்போதும் மூத்தவர் யாரிடமாவது ஆலோசனை கேட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். படித்தவர்கள் இதற்குக் கோபப்படமாட்டார்கள். ஓர் அமர்வுக்கு எவ்வளவு, ஐந்து பேர் வந்தாலும் அதே கட்டணமா என்பதையும் கேளுங்கள். வீட்டில் தக்னி பேசும் குடும்பமாக இருந்தால், பெரியம்மாவுக்குத் தமிழில் மனசைத் திறக்க வருமா என்பதை யோசித்து அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் கேட்கலாம். "உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா?" என்று எங்களிடம் சிலர் கேட்கிறார்கள். நம்மவராக இருப்பது வசதிதான், ஆனால் நம்மவர் என்பதாலேயே சொந்தபந்தத்தில் எங்காவது தொடுப்பு இருக்கும். அந்தக் கூச்சத்தில் பாதி விஷயம் வெளியே வராது. நம் வழக்கத்தை மதித்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் எவரும் போதும் என்பது எங்கள் கருத்து. நம் பிள்ளைகளில் சைக்காலஜியோ சோஷியல் ஒர்க்கோ படிக்க ஆசைப்படுபவர்களை "இதுல என்ன சம்பாத்தியம்" என்று மடக்காமல் விட்டால் பத்து வருடத்தில் இந்தக் கேள்வியே மாறிவிடும்.

ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பதும் இதுவும் ஒன்றா என்ற கேள்வியும் வருகிறது. கணவன் மனைவிக்குள் பிளவு என்றால் அவர் பக்கம் ஒருவர், இவர் பக்கம் ஒருவர் என்று நடுவர் வைக்கும் வழி அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில் நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது. அது இருக்கிறபடி இருக்கட்டும். ஆனால் ஜமாஅத்துக்கு ஒரு வழக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் இரு தரப்பும் பெட்டி கட்டி முடித்திருக்கும். அங்கே யார் சொல்வது சரி என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சிகிச்சையாளர் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே, சண்டை சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும்போதே போக வேண்டிய இடம் அது. குடும்பநல நீதிமன்றத்திலும் கவுன்சிலிங் உண்டு. அது கேஸ் போட்ட பிறகு சமாதானத்துக்கு வழி பார்ப்பது.

அங்கே பேசியது வெளியே வருமா என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் மட்டும் போக்சோ சட்டப்படி அவர் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் சும்மா இருக்க முடியாது. நலப்பிரிவு சில குடும்பங்களுக்குக் கட்டணத்தில் பாதி கொடுக்கிறது. பில்லில் தேதியும் தொகையும் பார்ப்போம், அவ்வளவுதான். என்ன பேசினீர்கள் என்று எங்களில் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் இது முதல் மருந்தும் இல்லை. வீட்டில் அடி உதை இருந்தால், அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது ஆபத்து. அங்கே சொன்ன வார்த்தைக்கு வீட்டில் போய் அடி விழும். அப்படிப்பட்ட பெண்கள் முதலில் 181க்கும், குழந்தைகள் விஷயமென்றால் 1098க்கும் அழைக்கட்டும். சாகப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளையை நாடகம் என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை, சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் முதலில் மனநல மருத்துவர். குடும்ப அமர்வு பிறகு. ஓதிப்பார்ப்பவர்கள் ஓதட்டும், துஆ செய்யட்டும், ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவரை நம்ப வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். குணமாக வேண்டும் என்ற நம்பிக்கையோடு குடும்பத்தார் கொண்டுபோய் விட்ட ஆட்கள் அவர்கள்.

முதல் அமர்வுக்கு யார் யார் போவது என்று கேட்கிறார்கள். ஒரே வீட்டில் சாப்பிடுகிற எல்லோரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போனில் வீட்டு விஷயத்தில் தலையிடும் வெளியூர்ச் சித்தியும் அந்தக் கணக்கில் வரலாம். அவரைக் கூப்பிடுவதா என்று சிகிச்சையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தா இன்னும் வளைகுடாவில் இருந்தால், அங்கே அவருடைய லீவு நாளில் நேரம் கேட்டு வீடியோ காலில் சேர்க்கச் சொல்லலாம். பையனிடம் "உனக்காகத்தான் இவ்வளவு பேரும் கெளம்பறோம்" என்று மட்டும் வண்டியில் போகும்போது சொல்லிவிடாதீர்கள். அமர்வு எவ்வளவு நேரம் என்று கேட்டு லுஹருக்கும் அஸருக்கும் நடுவே நேரம் வாங்கினால் பெரியவர்களுக்கு அவசரம் இருக்காது. கைக்குழந்தையைக் கூட்டிவரலாமா என்று போனில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் வரட்டும் என்றுதான் சொல்வார்கள்.